ஒரிஜினலா, காப்பியா? - புல்லட் கார்பரேட்டரின் குடும்பக் கதை

தீசிஸ் எழுத வேண்டிய நேரத்துல கார்பரேட்டர் பத்திப் பதிவு எழுதுறேன். என் கைடு தமிழ் படிக்க மாட்டார்ங்கிற தைரியம்தான் :-)

கராமாவுக்கு ஒரு பழைய பேர் உண்டு. 2000-களில் துபாய்க்கு வந்துபோன யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கராமா மார்க்கெட்டுல நடந்தா ரெண்டு பக்கமும் கடைப் பையன்கள் வாட்ச், ஹேண்ட்பேக்னு காதுல ஓதிக்கிட்டே வருவாங்க. ‘ஒரிஜினலா, காப்பியா?’ங்கறதுதான் இந்தப் பேட்டையோட தேசிய கீதம். அதே கேள்வி போன மாசம் எங்க ஃபிளாட்டுக்குள்ளயும் வந்துச்சு, ஆனா வாட்ச்சுக்காக இல்ல.

எங்க ரூம்ல மூத்தவரை எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். அமீரகத்துக்கு வந்து 14 வருஷம். அவங்க அப்பா 1974-ல வாங்கின புல்லட் 350 திருச்சி பக்கத்துல ஒரு கொட்டகையில நிக்குது. அப்பா இப்ப இல்லை. இந்த லீவுல போய் அந்த எஞ்சினை 500 ஆக்கி ஓட்டணும்னு அண்ணனுக்கு ஆசை, அதுக்குன்னு தனியா திர்ஹாம் சேர்த்து வெச்சிருக்கார். சண்டை கார்பரேட்டர்ல ஆரம்பிச்சுது. “அப்பா வண்டிக்கு வெள்ளைக்காரன் அமால்தான்டா போடணும், அதான் ஒரிஜினல்”ங்கறார் அண்ணன். “34 மி.மீ. மிக்குனி ஒண்ணு இங்கேயே வாங்கிட்டுப் போங்கண்ணே, பறக்கும்”ங்கறான் பக்கத்துக் கட்டில்காரன். நான் மெக்கானிக்கல்ல மாஸ்டர்ஸ் பண்றேன்ங்கிற ஒரே பாவத்துக்கு என்னைய நாட்டாமை ஆக்கிட்டாங்க. தீர்ப்பு சொல்றதுக்காகத் தோண்ட ஆரம்பிச்சது பர்மிங்காம், டோக்கியோ, திருவொற்றியூர்னு போயிடுச்சு. கிடைச்சதை எல்லாம் இங்க கொட்டுறேன்.

புல்லட் எப்படி மெட்ராஸ்காரன் ஆச்சுங்கறது நிறையப் பேருக்குத் தெரிஞ்ச கதை, அதனால வேகமா சொல்லிடறேன். கே.ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கின மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து பைக்குகளை இறக்குமதி பண்ணி வித்துட்டு இருந்துச்சு. 1950-களின் தொடக்கத்துல இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் 800 வேணும்னு ஆர்டர் கொடுத்தது. ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டுக்கு அது பெரிய ஆர்டர். 1955-ல ரெண்டு பேரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா. 1956-ல திருவொற்றியூர் தொழிற்சாலை. பாகங்கள் கப்பல்ல வரும், இங்க பூட்டுவாங்க. அந்த வருஷக் கடைசிக்குள்ள பூட்டி முடிச்சது 163 வண்டி. ரெட்டிச் தொழிற்சாலை 1967-லயே மூடப்பட்டாச்சு, 1970-களின் தொடக்கத்துல இங்கிலாந்து கம்பெனியே காலி. பெத்தவங்க போய்ச் சேர்ந்தாச்சு, தத்துப் பிள்ளை மட்டும் திருவொற்றியூர்ல அதே 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி எஞ்சினைச் செஞ்சுட்டே இருந்தான். 1977-ல அதையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் பண்ணான். என்ன ஒரு பழிவாங்கல்!

கார்பரேட்டரோட பரம்பரை அவ்வளவா யாருக்கும் தெரியாது. அது வேற ஒரு குடும்பம்.

இங்கிலாந்துல அமாக், பிரவுன் அண்டு பார்லோ, பிங்க்ஸ்னு கார்பரேட்டர் கம்பெனிகள் இருந்துச்சு. 1927-ல இவங்க ஒண்ணாச் சேர்ந்து பிறந்ததுதான் அமால். பேர் வந்ததே ‘அமால்கமேட்டட்’ங்கற வார்த்தையோட முன்பாதியில இருந்து. நார்ட்டன், டிரையம்ஃப், பிஎஸ்ஏ, என்ஃபீல்டுனு இங்கிலாந்து பைக் எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் அமால்தான் தொங்கும். 1950-களின் நடுவுல மோனோபிளாக் மாடல் வந்தது. அதுக்கு முன்னாடி பெட்ரோல் தேங்குற கிண்ணம் தனியா ஒரு பக்கம் போல்ட் போட்டு நிக்கும். மோனோபிளாக்ல கிண்ணமும் உடம்பும் ஒரே வார்ப்பு, பேரே அதைத்தான் சொல்லுது. நம்ம புல்லட்டுல உட்கார்ந்தது இதுல 376 ரகம். அந்த ரகத்தோட பெரிய வாய் 1 1/16 அங்குலம், அதாவது 27 மி.மீ.

அந்தக் கால புல்லட்டை ஸ்டார்ட் பண்ற சடங்கைப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. கார்பரேட்டர் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கும், டிக்கிளர். அதை அமுக்கினா கிண்ணம் நிரம்பி பெட்ரோல் விரல்ல வழியும். அப்புறம் கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே ஹெட்லைட் மேல இருக்கற ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்கணும், முள்ளு நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டு, ஒரே உதை. தப்பாச் செஞ்சா வண்டி நம்மள உதைக்கும். ஊர்ல எத்தனை பேர் இதுல கணுக்காலை விட்டிருக்காங்கன்னு ஒரு தனிப் பதிவே போடலாம்.

அமாலோட வியாதி அதோட உலோகத்துலயே இருக்கு. உடம்பு துத்தநாகக் கலவை, உள்ள மேலும் கீழும் ஓடுற ஸ்லைடும் அதே ஜாதி. ஒண்ணோட ஒண்ணு உரசி ரெண்டும் தேயும். தேஞ்ச இடுக்கு வழியா காத்து திருட்டுத்தனமா உள்ள போகும், ஸ்லோ ஸ்பீடு நிக்காது. இன்னொண்ணு, எஞ்சின்ல இதைப் பிடிக்கற ரெண்டு நட்டை நம்மாளுங்க பலம் கொண்ட மட்டும் முறுக்குவாங்க. ஃபிளான்ஜ் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும், அது வழியாவும் காத்து. அப்புறம் ‘வெள்ளைக்காரன் சாமானே இப்படித்தான்’னு பேச்சு. வெள்ளைக்காரன் அவ்வளவு முறுக்கச் சொல்லலை.

இப்ப கதை ஜப்பானுக்குப் போகுது. மிக்குனி கம்பெனி பைக் கார்பரேட்டர் கத்துக்கிட்டது யார்கிட்ட தெரியுமா? அமால்கிட்ட! உரிமம் வாங்கி அமால் வடிவமைப்பைச் செய்ய ஆரம்பிச்சு, அதுல இருந்து வளர்ந்ததுதான் மிக்குனி விஎம் வரிசை. பிரிச்சுப் போட்டுப் பார்த்தா சாடை தெரியும். வட்டமான ஸ்லைடு நேர் செங்குத்தா ஏறி இறங்கும், நடுவுல ஊசி தொங்கும், ஊசிக்கு அடியில மெயின் ஜெட். பேரனுக்குத் தாத்தா மூக்கு. ஆனா பேரன் படிச்சவன். கிண்ணம் ஜெட்டுக்கு நேர் கீழ, வண்டி சாஞ்சாலும் பெட்ரோல் மட்டம் பெருசா மாறாது. டிக்கிளருக்குப் பதிலா சோக் லீவர், விரல் நாறாது. (அமாலும் 1967-ல கிண்ணத்தை அடியில கொண்டுவந்து கான்சென்ட்ரிக் மாடல் விட்டது. அதுக்குள்ள பிரிட்டிஷ் பைக் தொழிலுக்கே பால் ஊத்துற நேரம் வந்தாச்சு.)

அந்தப் பேரன் சென்னைக்கு வந்தது 1980-களில். மறைமலை நகர்ல யூகால் ஃபியூயல் சிஸ்டம்ஸ்னு கம்பெனி, மிக்குனியோட கூட்டு. அவங்க செஞ்ச கார்பரேட்டருக்கு ‘மிக்கார்ப்’னு பேர். அந்தக் காலகட்டம் முக்கியம். 1984-ல ஓசூர்ல இருந்து இண்ட்-சுசூகி 100 சிசி வந்தது, 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100. தமிழ்நாட்டுல பைக் பார்க்கப் போறவன் கேட்கிற முதல் கேள்வி மாறினது அப்பத்தான். அதுக்கு முன்னாடி ‘எவ்வளவு இழுக்கும்?’ அதுக்கப்புறம் ‘எவ்வளவு குடுக்கும்?’ பால்காரர், போலீஸ், பட்டாளம், பண்ணையார்னு இருந்த புல்லட் கூட்டமும் அந்தக் கேள்விக்கு முன்னாடி கூனிக் குறுக வேண்டியதாப் போச்சு.

திருவொற்றியூர்க்காரங்க தலைமுறை தலைமுறையா அமால் தொங்கின இடத்துல மிக்கார்ப்பை மாட்டினாங்க. 350-க்கு விஎம்24. 1989-ல வந்த 500-க்கு விஎம்28. 376-ஓட பெரிய வாய் 27 மி.மீ.ன்னு பார்த்தோம்ல, அதோட இந்த 24-ஐ வெச்சுப் பாருங்க. வட்டத்தோட பரப்பளவு போட்டா 573-க்கு 452 சதுர மி.மீ., ஐந்துல ஒரு பங்குக்கு மேல சின்னது. சின்ன வாய், சிக்கன வாய். கடைக்காரர் ‘கம்பெனி செட்டிங்’னு ஒண்ணைச் சாமி வாக்கு மாதிரி சொல்வார். அதுக்குள்ள ஒரு காலத்துப் பெட்ரோல் விலையும், ஒரு காலத்து வாடிக்கையாளர் பயமும் அடங்கியிருக்குன்னு எனக்குத் தோணுது.

(இந்த மைலேஜ் பைத்தியத்தோட உச்சம் 1993-ல என்ஃபீல்டு விட்ட டீசல் புல்லட். கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின், 325 சிசி, 6.5 குதிரைத்திறன். கார்பரேட்டரே கிடையாது, பிரச்சினை தீர்ந்தது! சத்தம் மட்டும் பம்ப்செட் ஓடுற வயக்காட்டு சத்தம்.)

ஆனா ஒண்ணு, 24-ம் 28-ம் வெறும் கஞ்சத்தனம்னு சொல்லிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்களும் போடலாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் மூச்சு இழுக்கும். 346 சிசி எஞ்சின் 5500 ஆர்பிஎம்ல முழுசா இழுத்தா நிமிஷத்துக்கு சுமார் 950 லிட்டர் காத்து. அது 24 மி.மீ. ஓட்டை வழியாப் போகணும்னா சராசரி வேகம் விநாடிக்கு 35 மீட்டர். 499 சிசி எஞ்சின் 5400-ல இழுக்கறது 1350 லிட்டர் கிட்ட, 28 மி.மீ.ல போனா வேகம் 36.5 மீட்டர். கவனிச்சீங்களா? ரெண்டு எஞ்சின், ரெண்டு கார்பரேட்டர், காத்தோட வேகம் கிட்டத்தட்ட ஒண்ணேதான். இது குருட்டாம்போக்குல அமைஞ்சதா எனக்குத் தெரியலை.

அந்த வேகம் ஏன் முக்கியம்? கார்பரேட்டருக்குள்ள பம்ப் எதுவும் கிடையாது. குறுகலான இடத்துல காத்து வேகமாப் போகும்போது அங்க அழுத்தம் குறையும், கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் ஜெட் வழியா மேல ஏறும், காத்துல தூளாச் சிதறும். அவ்வளவுதான் மேட்டர். வாயைப் பெருசாக்கினா உச்ச வேகத்துல நிறையக் காத்து போகும், வாஸ்தவம். ஆனா கீழ் வேகத்துல காத்து சோம்பேறி ஆயிடும். பெட்ரோல் தூளாகாம சொட்டாப் போகும். வண்டி இருமும், திக்கும், பிளக் கரியாகும்.

நம்ம அண்ணனோட 500-க்கு 34 மி.மீ. போட்டா என்ன ஆகும்? 5400 ஆர்பிஎம்ல காத்து வேகம் 36.5-ல இருந்து 25-க்கு இறங்கிடும். அதைக்கூட மன்னிக்கலாம். புல்லட்காரன் வாழுறது 5400-ல இல்லையே! ‘டப்... டப்... டப்’னு 60 கி.மீ. வேகத்துல, 2500 சொச்சம் ஆர்பிஎம்லதான். அங்க 28 மி.மீ. குடுக்கறது விநாடிக்கு 17 மீட்டர், 34 குடுக்கறது பதினொண்ணரை. தில்லை நகர் சிக்னல்ல இருந்து கிளம்பும்போதே தொண்டை அடைக்கும்.

பக்கத்துக் கட்டில்காரன் விடலை. “இங்கிலாந்துல 34 எல்லாம் போடறாங்களே?” போடறாங்க. சோலிஹல் ஊர்ல ஹிட்ச்காக்ஸ்னு ஒரு கடை, நம்ம திருவொற்றியூர் புல்லட்டுக்கு உலகத்துல இல்லாத சாமானெல்லாம் விக்கறாங்க. 87 மி.மீ. பிஸ்டன் போட்டு 535 சிசி ஆக்கற கிட் அவங்ககிட்ட பிரபலம். ஆனா அந்த வழியில முழுசாப் போறவங்க கார்பரேட்டரை மட்டும் மாத்தறதில்லை. வால்வு பெருசு, கேம் வேற, ஆயில் பம்ப் வேற, கனெக்டிங் ராடு வேற. பழைய புல்லட்டோட கிராங்க்ல, கனெக்டிங் ராடு கீழ்ப்பக்கம் உருளை பேரிங் கிடையாது, மிதக்கற புஷ் ஒண்ணுதான். மெதுவா ஓடினா காலாகாலத்துக்கும் உழைக்கும். ஆயில் பத்தாம அதிக சுத்துல அடிச்சு ஓட்டினா அதுதான் முதல்ல போகும். 34 மி.மீ. கார்பரேட்டர் தன் திறமையைக் காட்டற இடமும், இந்த புஷ் உயிரை விடற இடமும் ஒரே ஆர்பிஎம். சத்தியமா சொல்றேன், அப்பா வண்டின்னு கொண்டாடறவர் அந்தப் பந்தயத்துக்குப் போகக் கூடாது.

அப்ப எதுதான் சரி? 350-ஐ 350-ஆவே வெச்சிருந்தா 24 போதும். கொஞ்சம் தாராளமா மூச்சு விடணும்னா பழைய 27 அமால் அளவு, இல்ல 26 மிக்குனி. 500 ஆக்கினா 28. ஹெட்டுல போர்ட் வேலை செஞ்சு, சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாத்தினா 30, மிஞ்சிப் போனா 32. 535-க்கும் 30 மி.மீ. போட்டா காத்து வேகம் 35 மீட்டர் கிட்ட வருது, அதே பழைய திருவொற்றியூர்க் கணக்கு! கம்பெனியே பின்னாடி 2009-ல கிளாசிக் 350-ல போட்டது 29 மி.மீ. பிஎஸ்29. 24-ல இருந்து 29-க்குத் தாவிட்டாங்களேன்னு கேட்கலாம். அது வேற ஜாதி. அதுல ஆக்சிலரேட்டர் கேபிள் ஸ்லைடைத் தூக்காது. எஞ்சின் கேட்கற அளவுக்கு வெற்றிடமே ஸ்லைடைத் தூக்கும். நாம கையை முறுக்கினாலும், காத்து வேகம் வர்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கும். நல்ல மாமியார்.

அளவு முடிவானா பாதி வேலைதான் முடிஞ்சது. மீதி ஜெட்டிங். இங்கதான் ஜி.பி. ரோடு மெக்கானிக்குகளோட காது நம்ம பட்டத்தை விட ஒசத்தி. ஆக்சிலரேட்டர் எட்டுல ஒரு பங்கு திறக்கற வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி. அங்கிருந்து கால் பங்கு வரைக்கும் ஸ்லைடோட அடி வெட்டு. கால்ல இருந்து முக்கால் வரைக்கும் ஊசி. அதுக்கு மேலதான் மெயின் ஜெட். நம்மாளுங்க எந்த வியாதிக்கும் மெயின் ஜெட்டை மாத்துவாங்க. 60-ல போறவன் அந்த ஜெட்டைத் தொடவே மாட்டான்! ஊசியோட கிளிப்பை ஒரு காடி ஏத்தி இறக்கினாலே பாதி வண்டி சரியாயிடும்.

அண்ணனோட ‘ஒரிஜினல்’ கேள்விக்கு வருவோம். 1974 வண்டிக்கு அமால்தான் பொறந்த வீட்டுச் சாமான், அதை மறுக்கலை. இன்னைக்கும் இங்கிலாந்துல பர்லன் நிறுவனம் வழியா புது அமால் கிடைக்குது. பவுண்டு கணக்கு, ஆனா கிடைக்குது. மிக்கார்ப்பைக் காப்பின்னு ஒதுக்கறதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். அது அமால்கிட்ட முறைப்படி உரிமம் வாங்கிப் பிறந்த வம்சம், புல்லட் செஞ்ச ஊருக்குப் பக்கத்துலயே செஞ்சது. புல்லட்டும் ரெட்டிச்சோட காப்பி இல்ல, வாரிசு. புல்லட்டை ஒத்துக்கறவர் மிக்கார்ப்பை மட்டும் எப்படித் தள்ளுவார்? காப்பின்னு பயப்பட வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. மிக்குனின்னு எழுத்து மட்டும் பொறிச்சு, உள்ள ஜெட் துளை ஒவ்வொண்ணும் ஒரு சைஸா இருக்கற பெட்டிச் சரக்கு. அது கராமா ஹேண்ட்பேக் மாதிரி இல்ல. பேக் காப்பியா இருந்தா மானம்தான் போகும், ஜெட் காப்பியா இருந்தா கலவை பத்தாம பிஸ்டன் உருகும்.

அதனால என் தீர்ப்பு: 500, விஎம்28, நம்ம ஊர்லயே வாங்குறது. அண்ணனுக்கு அரை மனசு. இங்கேயே வாங்கி, அல் கூஸ் பக்கம் இருக்கற பைக் ஒர்க்‌ஷாப்ல யாரோட வண்டியிலயாவது மாட்டி செட்டிங் பார்த்து, அப்படியே எடுத்துட்டுப் போகலாமேங்கறார். அங்கதான் இன்னொரு சிக்கல்.

ஜூலை மாச துபாய்ல 45 டிகிரி. சூடான காத்து மெலிசு. திருச்சியில டிசம்பர்ல 25 டிகிரின்னு வெச்சுக்கிட்டா, அதை விட இங்க ஒரு லிட்டர்ல ஆறு சதவீதம் குறைவாத்தான் காத்து இருக்கும். காத்து மெலிஞ்ச அளவுக்கு கார்பரேட்டர் பெட்ரோலைக் குறைக்காது, பாதிதான் குறைக்கும், அதனால கலவை மூணு சதவீதம் கொழுப்பாயிடும். இங்க சரியா செட் பண்ணினது அங்க மூணு சதவீதம் ஒல்லி. இது சின்னது, ஊசி கிளிப்புல போயிடும்.

பெருசு பெட்ரோல்தான். அண்ணன் ஊரை விட்டு வந்தப்ப இருந்த பெட்ரோல் இப்ப அங்க இல்லை. 2023 பிப்ரவரியில 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் சில பங்க்குகள்ல ஆரம்பிச்சது, 2025-ல நாடு முழுக்க அதுதான்னு ஆயிடுச்சு. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். ரெண்டையும் கலந்தா பதின்மூன்றரை கிட்ட வரும். அதாவது அதே காத்துக்கு எட்டு சதவீதத்துக்கு மேல கூடுதலா எரிபொருள் போகணும். கம்ப்யூட்டர் வெச்ச வண்டி அதைத் தானே பார்த்துச் சரி பண்ணிக்கும். கார்பரேட்டருக்குக் கண்ணு கிடையாது. மாட்டின ஜெட் விட்டதுதான் கணக்கு. துபாய் வெயிலும் இந்த எத்தனாலும் ஒரே திசையில இழுக்குது. இங்க கச்சிதமா வெச்ச செட்டிங் திருச்சியில பத்து சதவீதத்துக்கு மேல ஒல்லியா ஓடும். வார்ப்பிரும்பு சிலிண்டர் ஏற்கெனவே சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கற ஜென்மம், அதுக்கு ஒல்லிக் கலவை எமன். பழைய ரப்பர் வாஷர், ஃப்ளோட் வால்வு முனை, பெட்ரோல் குழாய்னு எத்தனால் பட்டு ஊறிப் போறதும் தனி. துத்தநாக உடம்பு அமாலை மாசக்கணக்கா அந்தப் பெட்ரோலோட நிறுத்தி வெச்சா, ஈரம் சேர்ந்து உள்ள வெள்ளையாப் பூத்துடும். லீவுக்கு மட்டும் ஊருக்குப் போறவர் வண்டிக்கு இது ரொம்பப் பொருந்தும்.

கார்பரேட்டர் தெரிஞ்ச கைகளும் குறைஞ்சுட்டே வருது. 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்6 வந்ததும் புது பைக்குகள்ல இஞ்செக்‌ஷன்தான், புல்லட் 350-ம் அதுக்கு மாறிடுச்சு. இன்னைக்கு சர்வீஸ் சென்டர்ல சேர்ற பையன் லேப்டாப் சொருகித்தான் பழகறான். ஊசி கிளிப்பைக் கையில பிடிச்சுப் பார்க்கற வாய்ப்பு அவனுக்கு எங்க? அதனால அண்ணனுக்கு நான் போட்டுக் குடுத்த லிஸ்ட்டுல கார்பரேட்டருக்கு முன்னாடி ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு, ஊர்ல வயசான மெக்கானிக் ஒருத்தரைப் பிடிக்கணும். ரெண்டு, நம்ம ஊர் பங்க்கு பெட்ரோலை ஊத்தி, அவரை வெச்சு, பிளக்கைக் கழட்டிக் கழட்டிக் கலர் பார்த்து ஜெட் போடணும். காப்பிக்கொட்டை நிறம் வந்தா சரி, வெள்ளையா வெளுத்திருந்தா மெயின் ஜெட் ஒரு நம்பர் மேல.